கூச்சலுக்கும் மாத்திரை உண்டு

மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டது இது: "சானெட் என்கிற 14 வரிக் கவிதை வடிவம், படிமம், ஓசை மூன்றாலும் குழப்பத்தை ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது என்று நோட்ஸில் இருக்கிறது. மனப்பாடமும் பண்ணிவிட்டேன். ஆனால் எப்படி என்றுதான் பிடிபடவில்லை. 14 வரியில் எழுதிவிட்டால் குழப்பம் அடங்கிவிடுமா சார்?"

அடங்காதும்மா. அடங்கிவிடும் என்று எழுதியிருந்தால் அந்த நோட்ஸை நம்ப வேண்டாம்.

நானும் வகுப்பில் நின்று பல வருஷம் இதைத் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். குழப்பம் ஒரு புலி, சானெட் ஒரு கூண்டு, கவிஞர் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார், மணி அடித்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். பூட்டின கூண்டைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? நல்ல சானெட் ஒன்றைப் படித்து முடிக்கும்போது உள்ளே ஏதோ இன்னும் மூச்சுவிடுவது கேட்கும். அந்த மூச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பாட வரலாற்றை இரண்டு வரியில் தாண்டிவிடுவோம். 13ஆம் நூற்றாண்டில் சிசிலி அரசவையில் பிறந்த வடிவம். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கையில் புகழ் பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் வயட் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இத்தாலிய முறையில் 8 வரி, பிறகு 6 வரி. நடுவில் பேச்சு திசை மாறும் இடத்துக்கு 'வோல்டா', அதாவது திருப்பம், என்று பெயர். ஷேக்ஸ்பியர் 154 சானெட் எழுதினார். அவர் முறை 4, 4, 4, கடைசியில் 2. ஒவ்வொரு வரியிலும் பொதுவாகப் பத்து அசை. மெலிந்து ஒன்று, அழுந்தி ஒன்று என்று 'ததும் ததும்' நடை. இதெல்லாம் உன் நோட்ஸிலேயே இருக்கும்.

உன் கேள்விக்கென்றே எழுதினது போல ஒரு சானெட் இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே (1892–1950) எழுதியது. அவர் இறந்த பிறகு 1954இல்தான் நூலில் வந்தது. அதில் குழப்பம் ஒரு ஆள். 'கேயாஸ்' என்று பெரிய எழுத்தில் பெயர் வைத்து, 'அவன்' என்றே பேசுகிறார். அவனை 14 வரிக்குள் போட்டு வைக்கப் போகிறேன் என்று ஆரம்பம். அதிர்ஷ்டம் இருந்தால் தப்பித்துக்கொள்ளட்டும், முறுக்கிக்கொள்ளட்டும், வெள்ளமாகவும் தீயாகவும் பேயாகவும் வேஷம் கட்டட்டும், இந்த இனிய ஒழுங்குக்குள் அவன் வித்தை எல்லாம் ஒன்றுமில்லாமல் போகும், கடைசியில் ஒழுங்கோடு அவனே கலந்துவிடுவான் என்கிறார். இது முதல் எட்டு வரி. மீதி ஆறில் குரல் இறங்குகிறது. அவன் திமிரும் நம் அடிமைத்தனமும் இருந்த வருஷங்கள் போயின. அவன் என் கையில். பார்த்தால், இன்னும் நமக்குப் புரியாத ஏதோ ஒரு எளிய விஷயம், அவ்வளவுதான். அவனை ஒப்புக்கொள்ளச் சொல்லியோ பதில் சொல்லச் சொல்லியோ வற்புறுத்த மாட்டேன், நல்லவனாக்குவேன், அது போதும்.

படிமம் வெளிப்படையாக இருப்பதால் எல்லாரும் அதையே எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். வேலை நடக்கிற இடம் வாக்கியத்தில். முதல் எட்டு வரியும் ஒரே வாக்கியம். எட்டாவது வரி முடிவில்தான் முற்றுப்புள்ளி. முதல் ஐந்து வரியின் ஓரத்திலும் பேச்சு நிற்காமல் அடுத்த வரிக்கு வழிகிறது. இரண்டாவது வரியின் கடைசிச் சொல்லைப் பார்: 'எஸ்கேப்'. தப்பித்தல் என்கிற சொல், தப்பிக்க வசதியான இடத்தில், வரியின் விளிம்பில் நிற்கிறது. பக்கத்தில் காற்புள்ளிகூட இல்லை. வாக்கியம் நிஜமாகவே அங்கே தப்பித்து மூன்றாவது வரிக்குள் குதிக்கிறது. குதித்து ஓடி அந்த வரியின் முனைக்கு வந்தால் அங்கே 'ஏப்', அதாவது வேஷம் கட்டு, என்கிற சொல் காத்திருக்கிறது. 'எஸ்கேப்' – 'ஏப்'. வேலி தாண்டி ஓடுகிறவனின் சட்டை ஆணியில் மாட்டினது மாதிரி. ஓடவிட்டுப் பிடிக்கிறார். ஓடவே விடாமல், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு நிறுத்தம் போட்டு எழுதியிருந்தால் இயைபு, அதாவது வரிக் கடைசி ஓசைப் பொருத்தம், வெறும் மணியோசையாகக் கேட்டிருக்கும். பிடித்த மாதிரி இருக்காது.

வெள்ளம், தீ என்கிற இரண்டு சொல்லும் வரியின் தொடக்கத்தில் வருகின்றன. 'ஃபிளட், ஃபயர்' என்று இரண்டும் அழுத்தமாக விழுகின்றன. அது வரை நடந்துவந்த 'ததும் ததும்' அங்கே இடறுகிறது. அடுத்த வரியிலேயே 'ஸ்ட்ரெயின்', 'ஸ்ட்ரிக்ட்' என்று நாக்கை நெருக்குகிற சொற்கள். வாய்விட்டுப் படித்தால் இறுக்கத்தைத் தாடையில் உணரலாம். ஹாஸ்டல் அறையில் தோழிகள் சிரித்தாலும் பரவாயில்லை, சத்தமாகவே படி. கண்ணால் மட்டும் படிக்கிறவருக்கு சானெட்டில் பாதி கிடைக்காது.

நமக்கு இங்கே ஒரு கூடுதல் சிரமம் இருக்கிறது. இதை நான் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வகுப்பில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தமிழ்க் காது வரியின் தலையில் காத்திருக்கும். மோனை முதல் எழுத்து, எதுகை இரண்டாம் எழுத்து. அடி தொடங்கினதுமே 'சேர்ந்துவிட்டது' என்று காது நிம்மதியாகிவிடும். பிறகு அடி எப்படிப் போனாலும் கவலை இல்லை. ஆங்கில இயைபு வரியின் வாலில் இருக்கிறது. வரி முழுக்க எங்கே போகிறதோ என்று தெரியாமல் பின்னாலேயே போய், கடைசியில்தான் பிடி கிடைக்கும். நம்மிடமும் அடிக் கடைசியில் இயைபு உண்டு. ஆனால் அதை நம்பி நாம் யாப்பைக் கட்டவில்லை. (அலங்காநல்லூரில் திமிலைத்தான் பிடிக்க வேண்டும், வாலைப் பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கிலாந்தில் வாலைப் பிடித்தால்தான் பரிசு போலிருக்கிறது.) அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு சானெட்டின் முதல் எட்டு வரி சும்மா வளவளவென்று போவது மாதிரி இருக்கிறது. மில்லே எட்டு வரிக்கும் இரண்டே ஓசையை வைத்துக்கொண்டிருக்கிறார்: 'லைன்ஸ், டிசைன்ஸ், கன்ஃபைன்ஸ், கம்பைன்ஸ்' ஒரு பக்கம், 'எஸ்கேப், ஏப், ரேப், ஷேப்' ஒரு பக்கம். வாலைக் கவனித்துப் படித்தால் அந்த இரண்டு ஓசையும் மாறி மாறி இரண்டு கைபோல இறுக்குவது கேட்கும்.

அந்தப் பட்டியலில் ஒரு சொல் உறுத்தியிருக்கும். உறுத்த வேண்டும். கவிதையிலேயே 'பக்தியோடு செய்யும் வன்புணர்ச்சி' என்று பொருள்படும் தொடர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கவர்ந்து செல்லுதல் என்கிற பொருளும் உண்டு என்று சொல்லிப் பூசி மெழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். பொருள் உண்டுதான்; ஆனால் 20ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் கவிஞர், ஒரு ஆணைப் பிடித்து வைத்திருப்பதாக எழுதும்போது, அந்தச் சொல்லின் இன்றைய பொருள் தெரியாமல் போட்டிருக்க மாட்டார். ஒழுங்கு செய்வதிலும் ஒரு பலவந்தம் இருக்கிறது, எனக்கு அது தெரியும் என்று ஒப்புக்கொள்கிற இடம் அது. பரீட்சையில் அந்தத் தொடரைத் தாண்டிக் குதித்து ஓடாதே. 'இனிய ஒழுங்கு' என்கிற சொல்லுக்குப் பக்கத்திலேயே அது இருப்பதால்தான் இந்தக் கவிதை வாழ்த்து அட்டை ஆகாமல் தப்பித்தது.

படிமங்கள் வெள்ளத்தில் ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்று பார்த்தாயா? பேய், பிறகு உருவமற்ற உருவம், பிறகு ஒரு கைதி, பிறகு 'எளிய விஷயம்'. படிமம் படிப்படியாகச் சின்னதாகிறது. சொற்களும் அப்படியே: மேலே லத்தீன் வாடை அடிக்கிற பெரிய சொற்கள், கீழே வர வரச் சந்தைச் சொற்கள். திருப்பத்துக்குப் பிறகு 'ஐ ஹேவ் ஹிம்' என்று மூன்றே மூன்று அசையில் ஒரு வாக்கியம். எட்டு வரி ஓடின மூச்சுக்குப் பிறகு இப்படி மூன்று அசை. வடிவம், படிமம், ஓசை என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதும்போது இந்த இடத்தில் மாட்டிக்கொள்வாய். அந்த மூன்று அசை எந்தத் தலைப்பில் வரும்? மூன்றிலும்தான் வரும்.

வெள்ளம் என்றதும் நமக்குத் திருவேடகம் ஞாபகம் வரும். சோழவந்தான் பக்கம், வைகைக் கரை. வாதத்தில் சம்பந்தர் பதிகம் எழுதிய ஏட்டை ஆற்றில் விட, அது வெள்ளத்தை எதிர்த்து ஏறிப்போய் ஒதுங்கின இடம் என்று பெரியபுராணம் சொல்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்கு அதில் பிடித்தது வேறு: வெள்ளம் நின்றுவிட்டதாகக் கதை சொல்லவில்லை. வைகை அது பாட்டுக்குக் கிழக்கே ஓடியது. பாட்டு எழுதிய ஓலை மட்டும் மேற்கே போனது.

இனி உன் வீட்டுப் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பரங்குன்றத்தை ஒட்டி விளாச்சேரி இருக்கிறதே, அங்கே 1870இல் பிறந்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். தமிழை 'உயர்தனிச் செம்மொழி' என்று வாதாடியவர். 1903இல், 33 வயதில் இறந்துவிட்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர் என்று பெயரைப் பெயர்த்துக்கொண்டு பரிதிமாற் கலைஞர் ஆனார். ஆங்கில சானெட்டைப் பார்த்துத் தமிழில் 14 அடிப் பாடல்கள் எழுதி, 'தனிப்பாசுரத் தொகை' என்று வெளியிட்டவர் அவர்தான், ஜி.யு. போப் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். சானெட் மதுரைக்கு அந்நியச் சரக்கு என்று நினைக்காதே என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வடிவம் தமிழில் வேர் பிடிக்கவில்லை. காரணம் மேலே சொன்னதுதான் என்பது என் கணிப்பு. நமக்கு 14 அடி என்பது ஒரு நடுத்தர அகவல். வாலில் இயைபுப் பூட்டும், எட்டாவது வரித் திருப்பமும் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் வந்தால் தமிழ்க் காதுக்கு அது வடிவமாகவே படாது. நமக்குத் திருப்பம் வேண்டும் என்றால் நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடிக் கடைசியில் ஒரு கோடு கிழித்து நிற்கிறதே தனிச்சொல், அது போதும்.

அதே விளாச்சேரிதான் கொலு பொம்மைக்கும் பேர் போன ஊர். ஒரு வருஷம் நவராத்திரிக்கு முன்னால் அவர் பிறந்த ஊரைப் பார்க்கலாம் என்று போனவன், பொம்மை செய்கிற வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அச்சு இரண்டு பாதி: முகப் பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று. ரொட்டிக்கு மாவு தட்டினது போலக் களிமண்ணைத் தட்டி, இரண்டிலும் கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தில் மண்கூழ் தடவி, இரண்டையும் சேர்த்துக் கட்டி வைக்கிறார்கள். அச்சைப் பிரித்ததும் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், காதுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை, ஒரு வரப்பு ஓடுகிறது. அதை ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து மறைக்கிறார்கள். எனக்கு உடனே எட்டும் ஆறும்தான் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் புத்தி, என்ன செய்வது.

"அச்சுல அமுக்குனா பொம்மை வந்துருமாம்மா?" என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தார். "அமுக்குறது யாரு வேணா அமுக்கலாம் சார். மண்ணு காயிறப்ப அதுவா சுருங்கி அச்ச விட்டு வரணும். அவசரப்பட்டு எடுத்தா மூக்கு அச்சுலயே தங்கிரும்." பிறகு ஒரு மீனாட்சியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. "இது எதுக்கு?" "உள்ள இருக்குற காத்து எங்கிட்டுப் போகும்? அடைச்சு வச்சு சூளையில போட்டா வெடிச்சுரும்ல."

அந்த ஓட்டைக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன் ஒரு தமிழ்ப் பாட்டு, ஐந்தே அடி. குறுந்தொகை 28, ஔவையார்:

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானும் ஓர்பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே

முட்டிக்கொள்வேனா, தாக்குவேனா, ஏதோ ஒரு சாக்கை வைத்து 'ஆ'வென்று கத்துவேனா, எனக்கே தெரியவில்லை. சுழன்றடிக்கிற காற்று என்னை அலைக்கழிக்க, என் நோய் தெரியாமல் தூங்குகிறதே இந்த ஊர் என்கிறாள் காதலி. இதைவிடக் குழம்பின மனசைச் சொல்ல முடியுமா? ஆனால் மூன்றாம் அடியின் முதல் சீரைப் பார். 'ஆ' மட்டும் நின்றால் ஓரசை. அகவற்சீருக்கு ஈரசை வேண்டும். அளபெடை சேர்ந்து 'ஆஅ' ஆனதும் நேர்நேர், தேமா, சீர் நிரம்பிவிட்டது. அவள் போடுகிற கூச்சல்தான் யாப்பை நிறைக்கிறது. இரண்டு மாத்திரை 'ஆ', மூன்று மாத்திரை 'ஆஅ' ஆகி, அலறலும் இலக்கணமும் ஒரே எழுத்தில் உட்கார்ந்துவிட்டன. மில்லேயின் 'எஸ்கேப்'புக்கு நம் பதில் இதுதான் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பா, அகவலில் ஒரு வகை. அதில் கடைசிக்கு முந்தின அடிக்கு மூன்றே சீர். அது விதி, கவிஞர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு படி குறையும். ஔவை அந்தக் குறைந்த படியில் காற்றை வைத்திருக்கிறார்: அலமரல், அசைவளி, அலைப்ப. மூன்று சீருக்கும் 'அ' மோனை. கால் தடுமாறுகிற இடத்தில் காற்று வந்து மோதுகிறது. உடனே கடைசி அடியில் நான்கு சீரும் நிரம்பி, ஊர் கால் நீட்டித் தூங்குகிறது. அவள் தூங்கவில்லை. பாட்டு முடிந்தது, அவள் குழப்பத்தில் ஒரு துளிகூடத் தீரவில்லை. அந்த ஐந்து அடி செய்ததெல்லாம், ஊருக்குக் கேட்காத கூச்சலை இரண்டாயிரம் வருஷம் தள்ளி இருக்கிற நமக்குக் கேட்க வைத்தது.

மில்லேயின் கடைசி ஆறு வரிக்கு வா. இயைபு மாற்றி மாற்றி வருகிறது. 'ட்யூரெஸ், லெஸ், கன்ஃபெஸ்': ஆணி அடித்த மாதிரி மூன்றும் பொருந்துகின்றன. இன்னொரு வரிசை 'சர்விட்யூட், அண்டர்ஸ்டுட், குட்'. இதைச் சத்தமாகச் சொல்லிப் பார். பின் இரண்டும் குறில், சரியாகச் சேர்கின்றன. 'சர்விட்யூட்' நெடில், சேரவில்லை. அடிமைத்தனம் என்கிற அந்தச் சொல் மட்டும் 'நல்லவன்' என்கிற சொல்லோடு முழுசாக ஒட்ட மறுக்கிறது. முதல் எட்டு வரியில் ஒரு இயைபுகூட பிசகாமல் பூட்டினவர், வெற்றி அறிவித்த பிறகு வருகிற இடத்தில் கை தவறவிட்டிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. 'நல்லவனாக்குவேன்' என்று சொல்லிக்கொண்டே, காற்று போக ஒரு இடம் விட்டிருக்கிறார்.

பத்து மதிப்பெண் கேள்வி என்றால் அந்த மூன்று சொற்களிலிருந்தே ஆரம்பித்து எழுது. 'சர்விட்யூட்'டை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுது.